ஜன்னல் கண்ணாடியில் பறவை மோதாமல் இருக்க எது சரி: ஸ்டிக்கரா, புள்ளியா, கயிறா, வலையா?

காலையில் திரையை விலக்கியபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு புறா இறக்கை விரித்து ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் புறா இல்லை, அதன் தடம். புறாவின் இறகுகளில் மாவு போல மெல்லிய தூள் இருக்கும். மோதிய வேகத்தில் அந்தத் தூள் கண்ணாடியில் அப்படியே படிந்துவிட்டது. தலை பட்ட இடத்தில் சின்னதாக ஒரு வட்டம், மார்பு பட்ட இடத்தில் அகலமான வெண்மை, இரண்டு பக்கமும் முழுதாக விரிந்த இறக்கைகள். நுனி இறகுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. பறவை கீழே கிடந்தது.

அந்தத் தடத்தில் என்னை விடாமல் உறுத்தியது, அதில் இல்லாத விஷயம்தான். வேகத்தைக் குறைக்க நினைக்கும் பறவை உடலை நிமிர்த்தும், வாலை விசிறி போல விரிக்கும், கால்களை முன்னால் நீட்டும். இந்தத் தடத்தில் வாலும் இல்லை, காலும் இல்லை. கடைசி நொடி வரை முன்னால் வழி இருக்கிறது என்றே அது நம்பிப் பறந்திருக்கிறது.

இந்த ஜன்னலில் அது மூன்றாவது மோதல். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று விசாரித்தபோது ஆளுக்கொரு யோசனை வந்தது. பருந்து ஸ்டிக்கர் ஒட்டு என்றார் ஒருவர். உள்ளே திரை போட்டால் போதும் என்றார் இன்னொருவர். புற ஊதா ஃபிலிம், புள்ளி ஃபிலிம், தொங்கும் கயிறு, வலை என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தபோது புரிந்தது இதுதான்: மரங்களுக்கும் கிளைகளுக்கும் நடுவே பறவை எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் முதலில் பறவையின் கண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

பறவை தேடுவது தடையை அல்ல, இடைவெளியை

பறவைக்குக் கண் பார்வை போதாது என்று நினைப்பது தவறு. பல விஷயங்களில் அது நம்மைவிட மேல். நமக்கு நிறம் பிரிக்க மூன்று வகைக் கூம்பு செல்கள், பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு. வேகமாக மினுங்கும் விளக்கை நாம் நொடிக்கு 60 முறை வாக்கில் ஒரே வெளிச்சமாகக் காண ஆரம்பித்துவிடுவோம். ஸ்வீடனில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், ஈப்பிடிப்பான் இனம் ஒன்று நொடிக்கு 146 மினுக்கல்கள் வரை தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. கிளைகள் சட்டென்று கடந்து போகும் காட்டில் அந்த வேகம் அதற்குத் தேவை.

ஆனால் கண்கள் இருக்கும் இடம் வேறு. புறாவின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் 300 டிகிரிக்கு மேல் அதனால் பார்க்க முடியும், தனக்குப் பின்னால் வருபவர் உட்பட. அதற்குக் கொடுக்கும் விலை, முன்பக்கம் இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும் பகுதி மிகக் குறுகியது. நமக்கு அது 120 டிகிரி அளவு. பறவைகளின் பார்வைப் புலத்தை இனம் இனமாக அளந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி கிரஹாம் மார்ட்டின் திரும்பத் திரும்பச் சொல்வது இது: பல பறவைகள் எதையும் மிகக் கூர்மையாகப் பார்ப்பது பக்கவாட்டில்தான். முன்பார்வை நுணுக்கம் பார்ப்பதற்கு அல்ல, முன்னால் இருப்பது எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று உணர்வதற்கு. நாம் கண்ணாடியின் சட்டத்தையும் கைரேகையையும் பார்த்து 'இது கண்ணாடி' என்று புரிந்துகொள்கிறோமே, அந்த நுணுக்கம் அங்கே எடுபடாது.

சரி, நெருங்குவதை எப்படி உணர்கிறது? பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சாலையோரக் கம்பங்கள் பறக்கும், தூரத்து மலை நகரவே நகராது. காட்சி கண்ணுக்குள் ஓடும் வேகத்திலேயே தூரம் ஒளிந்திருக்கிறது. பறவைகள் இதைப் பயன்படுத்துகின்றனவா என்று பார்க்க, மந்தியம் ஸ்ரீநிவாசனும் அவரது குழுவினரும் ஆஸ்திரேலியாவில் பட்ஜி கிளிகளை ஒரு நீளமான நடைபாதை வழியே பறக்கவிட்டார்கள். நம்மில் பலர் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லிக் கூண்டில் வளர்ப்பது இந்தக் கிளியைத்தான். ஒரு சுவரில் செங்குத்துக் கோடுகள், எதிர்ச் சுவரில் கிடைமட்டக் கோடுகள். முன்னால் பறக்கும்போது செங்குத்துக் கோடுகள் கண்ணில் விர்ரென்று ஓடும். கிடைமட்டக் கோடு பறக்கும் திசையிலேயே நீண்டு கிடப்பதால் அதில் எதுவும் ஓடுவது போலத் தெரியாது. 2011-ல் வெளியான முடிவு: கிளிகள் கிடைமட்டக் கோடுள்ள சுவரை ஒட்டிப் பறந்தன. காட்சி ஓடாத பக்கம் அவற்றுக்குத் தூரமாகத் தெரிந்தது.

எல்லாப் பறவையும் இப்படியே என்று சொல்லிவிட முடியாது. கனடாவில் ரீங்காரச் சிட்டுகளை (ஹம்மிங்பேர்ட்) வைத்து இதே போன்ற சோதனை செய்தபோது, பக்கச் சுவர் ஓடும் வேகத்தை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. உருவங்களின் அளவையும், அவை கண்ணில் எவ்வளவு பெரிதாகிக்கொண்டே வருகின்றன என்பதையுமே கவனித்தன. 2016-ல் வந்த அந்த ஆய்வை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வகைக் கோடு எல்லாப் பறவைக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் அதைச் சந்தேகிக்க இது ஒன்றே போதும்.

இன்னும் ஒரு ஆய்வு, என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். ஹார்வர்டில் ஆண்ட்ரூ பீவனர் குழு செங்குத்துக் கம்பங்களை நட்டு ஒரு செயற்கைக் காட்டை உண்டாக்கி, அதில் புறாக்களைப் பறக்கவிட்டது. புறா ஒவ்வொரு கம்பத்தையும் பார்த்து விலகவில்லை. கம்பங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் குறி வைத்துப் பறந்தது. 2014-ல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, கிடைமட்டத் தடைகளை வைத்தும் பார்த்தார்கள். அங்கேயும், தான் போய்க்கொண்டிருக்கும் திசைக்கு நேராக உள்ள இடைவெளியையே புறா தேர்ந்தெடுத்தது. எவ்வளவு குறைவாகத் திரும்ப முடியுமோ அவ்வளவு குறைவாகத் திரும்புகிறது.

இப்போது என் ஜன்னலைப் புறாவின் கண்ணால் பாருங்கள். இரண்டு பக்கமும் சுவர். நடுவில் வானமும் மரமும் தெரிகிற ஒரு பெரிய இடைவெளி. கண்ணாடியில் தெரியும் மரம், நிஜ மரம் முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலவே தோன்றும். நெருங்க நெருங்க அது பெரிதாவதும் நிஜ மரம் போலத்தான். பார்வையின் விதிகள் எதையும் அந்தப் பிம்பம் மீறவில்லை. கண்ணாடியைப் பார்க்கத் தவறி மோதவில்லை அந்தப் புறா. இருப்பதிலேயே நல்ல வழியைத் தேர்ந்தெடுத்து வந்து மோதியது.

அப்படியானால் எந்தத் தடுப்பானாலும் அதனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது பறவையைப் பயமுறுத்துமா' என்பது அல்ல, 'இது இடைவெளியை மூடுகிறதா' என்பதுதான்.

எவ்வளவு சின்ன இடைவெளி

பறவைக்குத் தன் உடம்பின் அளவு தெரியும். 2014-ல் ஸ்ரீநிவாசன் குழு செய்த இன்னொரு சோதனையில், பட்ஜி கிளிகள் தங்கள் இறக்கை விரிப்பைவிடச் சற்றே அகலமான சந்து வந்தால் இறக்கையை அடித்துக்கொண்டே போயின, அதைவிடக் குறுகினால் மட்டும் இறக்கையை ஒடுக்கின. புறா இன்னும் நுட்பம்: குறுகிய இடைவெளியில் சில சமயம் இறக்கையை மேலே நிறுத்திக்கொண்டு போகும், ரொம்பவும் நெருக்கமானால் உடலோடு ஒட்ட மடித்துக்கொண்டு பாயும். ரீங்காரச் சிட்டு உடலைப் பக்கவாட்டில் திருப்பி, தன் இறக்கை விரிப்பில் ஏறக்குறைய பாதி அளவே உள்ள துளை வழியே நுழைந்துவிடும்.

அதனால் 'ஒரு அடிக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன், போதாதா' என்றால் போதாது. அந்த ஒரு அடி ஒரு சிட்டுக்கு ராஜபாட்டை. அமெரிக்காவில் 1970-களிலிருந்து கண்ணாடி மோதல்களை ஆராய்ந்துவரும் டேனியல் கிளெம் பல சோதனைகளுக்குப் பிறகு ஒரு அளவு சொன்னார்: செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள், கிடைமட்டக் கோடுகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பறக்கும் பறவையை முன்னாலிருந்து கற்பனை செய்து பார்த்தால் புரிகிறது. அது அகலமானது, ஆனால் தட்டையானது. கிடையாக இருக்கும் 10 சென்டிமீட்டர் சந்தில் இறக்கையை மடிக்காமலேயே நுழைந்துவிடலாம் என்று அதற்குத் தோன்றும். மிகச் சிறிய பறவைகளையும் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டு திசையிலும் 5 சென்டிமீட்டர் என்பதே இப்போது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

அடுத்தது கோட்டின் தடிமன். இதற்கு நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். சிறிய பறவைகள் பலவற்றின் பார்வைக் கூர்மை நம்முடையதில் பத்தில் ஒரு பங்கு அளவே என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கண்ணுக்கு 6 மில்லிமீட்டர் புள்ளி சுமார் 4 மீட்டரில் புலப்பட ஆரம்பிக்கும். 3 மில்லிமீட்டர் கயிறு 2 மீட்டரில். 1 மில்லிமீட்டர் நூலோ முக்கால் மீட்டருக்குள் வந்த பிறகுதான். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் பறவைக்கு இவை முறையே அரை நொடி, கால் நொடி, பத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. கோடு பின்னணியோடு எவ்வளவு மாறுபட்டுத் தெரிகிறது என்பதைப் பொறுத்து இந்த எண்கள் கூடும், குறையும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அழகான மெல்லிய கோடு என்று விற்கப்படும் எதையும் நான் ஒதுக்கியதற்கு இந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது.

வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கியவை

பருந்து ஸ்டிக்கர். கறுப்பாக, இறக்கை விரித்து, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் நிழலைப் பருந்து என்று பறவை நம்புவதில்லை. அது பறவைக்கு ஒரு கம்பம் மாதிரி. கம்பத்தை விட்டு விலகி, பக்கத்திலிருக்கும் பெரிய இடைவெளிக்குள் போகும், அதாவது மீதிக் கண்ணாடிக்குள். பத்து செ.மீ இடைவெளியில் ஜன்னல் முழுக்கப் பருந்தாக ஒட்டினால் வேலை செய்யும். அப்போதும் வேலை செய்வது இடைவெளிதான், பருந்து அல்ல.

உள்பக்கத் திரை. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. அப்போது கண்ணாடியின் வெளிப்பரப்பே முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. பின்னால் திரை போட்டால் சில கோணங்களில் பிம்பம் இன்னும் தெளிவாகும். ஒரே ஒரு சூழ்நிலையில் திரை உதவும்: எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் இருந்து, ஒன்றின் வழியே மற்றதன் வெளிச்சம் தெரிந்தால், அந்த ஊடுவழியை அது அடைக்கும். உள்ளே ஜன்னலோரம் வைத்திருக்கும் செடியைத் தள்ளி வைப்பதும் அதே காரணத்துக்காக நல்லது. பிம்பம் தான் பிரச்சினை என்றால் இவை எதுவும் உதவாது.

இதே தர்க்கத்தில் இன்னொரு விஷயமும் முடிவாகிறது. எதை ஒட்டினாலும் வெளிப்பக்கம்தான் ஒட்ட வேண்டும். அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்வாடில் குழு 2023-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஃபிலிமை வெளிப்பக்கம் ஒட்டியபோது பறவைகள் விலகின, உள்பக்கம் ஒட்டியபோது பயன் தெரியவில்லை. உள்ளே ஒட்டுவது சுலபம், மழை படாது, ஏணி வேண்டாம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இதைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

புற ஊதா: நமக்கு வசதி, எல்லாப் பறவைக்கும் அல்ல

நமக்குத் தெரியாமல் பறவைக்கு மட்டும் தெரியும் குறி. கேட்கும்போதே பிடித்துவிடும். வெளிக் காட்சி கெடாது, வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இதைத்தான் வாங்க இருந்தேன்.

தடுத்தது புறா. பாடும் சிறு பறவைகள் பலவும், கிளிகளும், கடற்காகங்களும் புற ஊதாவை நன்றாகக் காணும். புறா, காகம், வாத்து, கழுகு, பருந்து ஆகியவற்றின் நான்காவது கூம்பு செல் ஊதா நிறத்துக்கே அதிகம் இசைந்தது. புற ஊதாக் குறி அவற்றுக்கு மங்கலாகத்தான் தெரியும். என் கண்ணாடியில் தடம் பதித்ததோ புறா.

இன்னொரு தயக்கமும் உண்டு. மோதல்கள் அதிகம் நடப்பது காலையில். அதிகாலை வெளிச்சத்தில் புற ஊதா குறைவு, குறி மிளிர்வதற்கு வெளிச்சமே போதாது. தவிர, வெயிலில் இந்த ஸ்டிக்கர்கள் நாளடைவில் வலுவிழக்கும். சாதாரணப் புள்ளி மங்கினால் நம் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடுவோம். இது மங்கியதை நாம் கண்டுபிடிக்கவே முடியாது. பாதுகாப்புக்காக ஒட்டியது வேலை செய்கிறதா என்று பார்க்க வழியே இல்லாத ஒன்றை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு எதற்கும் சம்மதம் கிடைக்காத இடத்தில், ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது மேல். அந்த அளவுக்குத்தான் சொல்வேன்.

போட்டி உண்மையில் மூன்றுக்குள்தான்: புள்ளி, கயிறு, வலை

புள்ளி ஃபிலிமுக்குக் கையில் இருப்பதிலேயே வலுவான சான்று சிகாகோவில் இருக்கிறது. அங்கே ஏரிக்கரையில் உள்ள மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தின் ஒரு கட்டடத்தில் 2023 அக்டோபர் 5 அன்று, வலசை வந்த பறவைகள் ஏறக்குறைய ஆயிரம் மோதி இறந்தன. ஒரே நாளில், ஒரே கட்டடத்தில். அடுத்த ஆண்டு அந்தக் கண்ணாடிகள் முழுக்க 5 சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு புள்ளிகள் உள்ள ஃபிலிம் ஒட்டினார்கள். 2024 இலையுதிர்காலத்தில் அங்கே மோதல்கள் சுமார் 95% குறைந்தன. நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மையத்திலும் பழைய கண்ணாடிகளை மாற்றி, புள்ளி பதித்த கண்ணாடி போட்ட பிறகு மோதல் பத்தில் ஒரு பங்கானது.

பார்வையின் கணக்கிலும் புள்ளிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கோட்டுக்குத் திசை இருக்கிறது, புள்ளிக்கு இல்லை. காட்சி ஓடும் வேகத்தை நம்பும் கிளிக்கும், உருவம் பெரிதாவதை நம்பும் ரீங்காரச் சிட்டுக்கும், எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும் புள்ளிகள் ஏதோ ஒரு அசைவைக் காட்டும். அதோடு, கண்ணாடித் தளத்தில் இருக்கும் புள்ளிகள் வேகமாக விரிய, பிம்பத்தில் உள்ள மரம் மெதுவாக விரியும். முன்னால் ஒரு பரப்பு இருக்கிறது என்று பறவைக்குச் சொல்வது அந்த வேறுபாடுதான்.

சிரமம் ஒட்டுவதில். கண்ணாடியைத் துளி தூசி இல்லாமல் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை வைத்து, ரப்பர் துடைப்பானால் நீரை வெளியே தள்ள வேண்டும். புள்ளிகளை மட்டும் கண்ணாடியில் விட்டுவிட்டு மேல் தாள் தனியே உரிந்து வரும் வகையை நான் விரும்புகிறேன். காற்றுக் குமிழி விழும் தொல்லை அதில் இல்லை. மாடி ஜன்னலானால் ஏணியும் பழகிய ஆளும் தேவை. ஆனால் ஒருமுறை ஒட்டினால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை, துடைக்கவும் தடையில்லை. உள்ளிருந்து பார்க்க இரண்டு நாளில் பழகிவிடும். நம் கண் தூரத்தில் இருக்கும் மரத்தைப் பார்க்கும்போது கிட்டே உள்ள புள்ளிகள் கரைந்துவிடுகின்றன.

கயிறுக்கு வருவோம். ஜன்னலின் மேல் சட்டத்தில் ஒரு கட்டையோ அலுமினியப் பட்டையோ பொருத்தி, அதிலிருந்து 3 மில்லிமீட்டர் நைலான் கயிறுகளை 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிட வேண்டும். கீழ்முனையைக் கட்ட வேண்டியதில்லை. என் கணக்கில் 3 மில்லிமீட்டருக்குக் கால் நொடிதான் கிடைத்தது என்பதைப் பார்த்து முதலில் இதையும் ஒதுக்கப் பார்த்தேன். ஆனால் கயிறு தனியாக நிற்பதில்லை. ஜன்னலின் உயரம் முழுக்க ஓடும் கோடு, ஒரு புள்ளியைவிட எளிதில் கண்ணில் படும். காற்றில் லேசாக ஆடும். கண்ணாடியிலிருந்து சற்று விலகித் தொங்குவதால் அதன் பிம்பமும் பின்னால் ஒரு வரிசையாக விழுந்து, கோடுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரியும். புறாவின் செயற்கைக் காட்டை நினைத்துப் பாருங்கள். வழியில் நெருக்கமாகக் கம்பம் நட்டால் அது வேறு வழி தேடும். கயிறு வரிசை என்பது நெருக்கமாக நட்ட கம்பங்கள்தான்.

குறை இல்லாமல் இல்லை. பலத்த காற்று அடிக்கும் இடத்தில் கயிறுகள் சிக்கிக்கொள்ளும், சிக்கிய இடத்தில் பெரிய இடைவெளி உண்டாகும். அதைப் பிரித்துவிட ஆள் வேண்டும். வெளியே திறக்கும் கதவுள்ள ஜன்னலுக்கு இது ஒத்துவராது. உள்ளங்கையளவு பறவைகள் அதிகம் வரும் இடமானால் இடைவெளியை 5 சென்டிமீட்டராக்க வேண்டும், அப்போது கயிறு திரைபோல ஆகிவிடும். ஆனால் வாடகை வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கழற்றிக்கொண்டு போகலாம், கண்ணாடியில் பசை படாது, ஒரு மதிய நேரத்தில் கட்டி முடிக்கலாம்.

வலை இந்த இரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே வேறு. பறவை ஏமாந்து வந்தாலும் வலை அதைத் தாங்கிக்கொள்ளும். மற்றவை எல்லாம் கண்ணை நம்புகின்றன, இது மட்டும் உடலையும் காக்கிறது. அதனால் பாதுகாப்பை மட்டும் பார்த்தால் வலைக்கே முதலிடம். நிபந்தனை இரண்டு. கண்ணாடியிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். இல்லையென்றால் வலையோடு சேர்ந்து கண்ணாடியில் இடிக்கும். வலைக்கண் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் தலையோ காலோ மாட்டிக்கொள்ளும். தொய்ந்த, கிழிந்த வலை கண்ணாடியைவிட மோசம், அதில் சிக்கும் பறவை துடித்துத் துடித்துச் சாகும். வாரம் ஒருமுறை பார்க்க முடியாதவர்கள் வலை கட்ட வேண்டாம்.

வெளிப்பக்கம் ஏற்கெனவே கொசுவலைச் சட்டம் பொருத்திய ஜன்னல் இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. பிம்பத்தையும் மங்கச் செய்து, மோதினாலும் தாங்கும். சறுக்கும் ஜன்னலில் கொசுவலை பாதியைத்தான் மூடும், மறுபாதியை மறந்துவிடக் கூடாது.

தற்காலிகமாக இப்போதே, இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டுமா? சோப்புக் கட்டியை எடுத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துவிடுங்கள். மழை வந்தால் அழியும், அதுவரை காக்கும். வலசைக் காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் தொல்லை என்றால் இதுவே போதும்.

தீனித்தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் நகர்த்துவது

இது தடுப்பு அல்ல, ஆனால் காசில்லாமல் செய்யக்கூடியது. கிளெம் குழு 2004-ல் வெளியிட்ட சோதனையில், தீனித்தட்டு கண்ணாடிக்கு ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தபோது மரணமே இல்லாத அளவுக்குக் குறைந்தது. ஐந்து, பத்து மீட்டர் தள்ளி வைத்தபோது கூடியது. தள்ளி வைப்பதுதானே பாதுகாப்பு என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு மீட்டரில் பறவையால் வேகம் எடுக்க முடியாது. தட்டிலிருந்து மிரண்டு எழும்பினாலும் லேசாக இடித்துக்கொண்டு தப்பிவிடும். ஐந்து மீட்டர் என்பது அது முழு வேகம் எடுக்கப் போதுமான ஓடுபாதை. என் தண்ணீர்க் கிண்ணம் சரியாக அந்தத் தூரத்தில் இருந்தது. அந்தப் புறாவும் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம் என்று நினைக்கும்போது இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

யாருக்கு எது

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் வெளியே போய், பறவைகள் வரும் திசையில் நின்று உங்கள் ஜன்னலைப் பாருங்கள். மரமும் வானமும் தெரிகிற ஜன்னல் எது, இருட்டாக மட்டும் தெரிகிற ஜன்னல் எது என்று பிரித்துவிடலாம். எல்லா ஜன்னலுக்கும் செலவழிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் காரணம். மூலையில் இரண்டு கண்ணாடிகள் சேரும் இடமும், பால்கனியின் கண்ணாடித் தடுப்பும் பிம்பமே இல்லாவிட்டாலும் ஆபத்து, ஏனென்றால் அவற்றின் வழியே அந்தப் பக்கம் தெரிகிறது.

சொந்த வீடு, எட்ட முடியாத உயரம், அல்லது அலுவலகம், பள்ளி போன்ற பெரிய கண்ணாடிப் பரப்பு என்றால் புள்ளி ஃபிலிம். பராமரிக்க ஆள் கிடைக்காத இடத்தில் கயிறும் வலையும் வேண்டாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஃபிலிமுக்கே போகத் தேவையில்லை, வெளிப்பரப்பில் புள்ளி பதித்த கண்ணாடியையோ வெளிப்பக்கச் சட்டப் பலகைகளையோ வரைபடத்திலேயே சேர்த்துவிடலாம். வாடகை வீடு, கைக்கெட்டும் உயரம் என்றால் கயிறு. ஒரே ஒரு ஜன்னலில் திரும்பத் திரும்ப மோதுகிறது, தினமும் அதைப் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள் என்றால் வலை.

மோதிய பறவை உயிரோடு இருந்தால், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். தண்ணீரோ தீனியோ வாயில் ஊட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்துப் போய்த் திறந்து பாருங்கள். பறக்கவில்லை என்றால் பறவைகளுக்குச் சிகிச்சை செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும். பறந்து போய்விட்டால் பிழைத்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தலைக்குள் ரத்தம் கசிந்து சில மணி நேரம் கழித்து எங்கேயோ விழுவதும் உண்டு. அதனால்தான் 'இடித்தது, ஆனால் பறந்துவிட்டது' என்று கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது.

நான் இருப்பது வாடகை வீடு. பெரிய ஜன்னலுக்குக் கயிறு, சமையலறைக்கு ஏற்கெனவே இருந்த கொசுவலை, தண்ணீர்க் கிண்ணத்தை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் நகர்த்தியது, இவ்வளவுதான் செய்தேன். நான்கு மாதங்களாக மோதல் இல்லை. ஒரு ஜன்னலின் நான்கு மாதம் எதையும் நிரூபிக்காது என்று தெரியும். ஆனால் ஒரு காலை நானே பார்த்தேன்: மரத்திலிருந்து நேராக வந்த ஒரு புறா, கயிறுகளுக்கு ஒன்றிரண்டு மீட்டர் முன்னால் நிமிர்ந்து, வாலை விரித்து, மேலே ஏறிக் கூரையைத் தாண்டிப் போனது.

கயிறு கட்டிய நாளில் அந்தத் தடம் இன்னும் கண்ணாடியில்தான் இருந்தது. மழை பெய்யாத வாரங்கள், துடைக்கவும் மனம் வரவில்லை. ஏணியில் நின்று கடைசிக் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு இறக்கை நுனிக்கும் மறு நுனிக்கும் நடுவே ஆறு கயிறுகள் தொங்கின. அதற்கு அப்புறம்தான் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன்.